போப் பிரான்சிசும் கார்ல் மார்க்சும்: பொருளாதாரப் பார்வைகளை ஒப்பிட்டுப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2013 நவம்பரில் போப் பிரான்சிஸ் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற அறிவுரை மடலை வெளியிட்டார். பணம், சந்தை, ஏற்றத்தாழ்வு பற்றி அதில் வந்த சில பத்திகளை வைத்து, அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா இது சுத்த மார்க்சியம் என்றார். அடுத்த மாதமே இத்தாலியின் 'லா ஸ்தாம்பா' நாளேட்டுப் பேட்டியில் பிரான்சிஸ் பதில் சொன்னார். மார்க்சியச் சித்தாந்தம் தவறு, ஆனால் நல்ல மனிதர்களான மார்க்சியர்கள் பலரை வாழ்வில் சந்தித்திருப்பதால் அந்தப் பேச்சு தன்னைப் புண்படுத்தவில்லை என்றார்.

சென்னையில் இந்தப் பேச்சு இரண்டு விதமாக வரும். பங்குக் கோயில் கூட்டத்தில், "எங்க போப்பை கம்யூனிஸ்ட் ஆக்காதீங்க" என்பார்கள். தொழிற்சங்க அலுவலகத்தில், "பாருங்க தோழர், போப்பே நம்ம பக்கம் வந்துட்டார்" என்பார்கள். மூல நூல்களைத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. துன்பத்தை விவரிப்பதில் பிரான்சிஸ் நாம் நினைப்பதைவிட மார்க்சுக்கு நெருக்கமானவர். அந்தத் துன்பம் எங்கிருந்து வருகிறது என்று விளக்குவதில் நாம் நினைப்பதைவிடத் தூரமானவர். இந்த நெருக்கத்தையும் தூரத்தையும் சரியாக அளக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. ஏனென்றால் கோயிலுக்குப் போகிறவரும் சங்கத்துக்குப் போகிறவரும் பல வீடுகளில் ஒரே ஆள். கல்லூரிக் கட்டுரைக்கும் வாசிப்பு வட்டத்துக்கும் பயன்படும்படி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கேள்வியை மாற்றுங்கள்

"போப் மார்க்சியரா?" என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஆம் அல்லது இல்லை என்று சொன்னதும் அது முடிந்துவிடும், எதையும் கற்றுக்கொடுக்காது. அதற்குப் பதிலாக ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எதைத் துன்பம் என்கிறார்? அதற்கு என்ன காரணம் சொல்கிறார்? சொத்து யாருக்குச் சொந்தம் என்கிறார்? மாற்றத்தை யார், எப்படிக் கொண்டுவருவார்கள்? ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு கேள்வியில் கிடைத்த ஒற்றுமையை அடுத்த கேள்விக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நான் கேட்ட பேச்சுகளில் பாதிக்கு மேல் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

படி 2: எதைப் படிப்பது

முழு நூல்களையும் முதலிலேயே படிக்கத் தேவையில்லை. பிரான்சிஸ் பக்கம் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' 53 முதல் 60 வரை, அப்புறம் 202 முதல் 204 வரையுள்ள பத்திகள். 2015-இல் வந்த 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலில் 93-ஆம் பத்தியும், உழைப்பைப் பற்றிய 124 முதல் 129 வரையும். 2020-இல் வந்த 'ஃபிரத்தெல்லி தூத்தி'யில் 118 முதல் 120 வரை, கூடவே 168. இவற்றோடு 2015 ஜூலையில் பொலிவியாவின் சாந்தா குரூசில் மக்கள் இயக்கங்களிடம் அவர் ஆற்றிய உரை. மார்க்ஸ் பக்கம் 1848-இன் 'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை'யில் இரண்டாம், மூன்றாம் பகுதிகள். 1844 கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதல், அதாவது தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியப்பட்டுப் போவது பற்றிய பகுதி. 'மூலதனம்' முதல் தொகுதியில் முன்னுரை, முதல் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி, வேலைநாள் பற்றிய அத்தியாயம்.

எல்லா ஏட்டுக்கும் ஒரே எடை கிடையாது. சுற்றுமடல் திருச்சபையின் போதனை. பேட்டியில் சொன்ன ஒரு வரிக்கு அந்த எடை இல்லை. மார்க்சிடமும் அப்படித்தான். 'மூலதனம்' முதல் தொகுதியை 1867-இல் அவரே வெளியிட்டார். 1844 பிரதிகளோ அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகிவரும் நேரத்தில், 1932-இல்தான் முழுதாக அச்சேறின. கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது எந்த வகை ஏடு என்று சொல்லிவிடுங்கள்.

திருச்சபை ஏடுகள் வத்திக்கான் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மார்க்சுக்கு எழும்பூர் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. 'அறிக்கை' தமிழுக்கு வந்த கதை நமக்குச் சொந்தமானது. 1931-இல் பெரியாரின் 'குடி அரசு' அதன் தமிழாக்கத்தை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ரோமில் அன்றைய போப் பதினோராம் பயஸ், ஒருவர் ஒரே நேரத்தில் நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோசலிஸ்டாகவும் இருக்க முடியாது என்று எழுதினார்.

படி 3: பிரான்சிசை அவருடைய மரபில் வையுங்கள்

பிரான்சிஸ் திடீரென்று முளைத்த கலகக்காரர் என்று ஊடகங்கள் காட்டின. அது பாதி உண்மைகூட இல்லை. 1891 மே 15 அன்று போப் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதில் சோசலிசத்தைக் கண்டித்தார், தனிச்சொத்தைக் காத்தார். கூடவே நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்தினார். 1937-இல் பதினோராம் பயஸ் நாத்திகக் கம்யூனிசத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1963-இல் இருபத்து மூன்றாம் யோவான் கதவைச் சற்றே திறந்தார். ஒரு தவறான தத்துவமும் அதிலிருந்து பிறந்த மக்கள் இயக்கமும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார். 1967-இல் ஆறாம் பவுல், தனிச்சொத்து யாருக்கும் நிபந்தனையற்ற உரிமை ஆகாது என்றார். 1981-இல் இரண்டாம் யோவான் பவுல், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று எழுதினார். போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியின்கீழ் வாழ்ந்து அதை எதிர்த்தவர் அவர்.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால், பிரான்சிசின் எந்த வாக்கியம் பழையது, எந்த அழுத்தம் புதியது என்று பிரிக்க முடியும். சொத்து பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் பழையது. குப்பை பொறுக்குவோரையும் தெரு வியாபாரிகளையும் வரலாற்றை மாற்றும் கரங்களாகப் பார்த்து நேரில் பேசிய அழுத்தம் புதியது.

அர்ஜென்டினாவையும் மறக்கக் கூடாது. இளைஞர் பெர்கோலியோ (போப் ஆவதற்கு முன் பிரான்சிசின் பெயர்) வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் பராகுவேயைச் சேர்ந்த எஸ்தர் பாலெஸ்த்ரினோ என்ற மார்க்சியப் பெண்மணி. காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய 'பிளாசா தெ மாயோ' அன்னையர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977-இல் ராணுவ ஆட்சி அவரையே காணாமல் போகச் செய்தது. நல்ல மார்க்சியர்களைச் சந்தித்திருக்கிறேன் என்று பிரான்சிஸ் சொன்னது மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. ஆனால் அவர் வளர்ந்த இறையியல் அர்ஜென்டினாவின் 'மக்கள் இறையியல்'. பெருவின் குஸ்தாவோ குத்தியேரஸ் 1971-இல் முன்வைத்த, ஏழைகளின் விடுதலையை மையமாக்கிய விடுதலை இறையியலுக்கு உறவு. ஆனால் வர்க்கப் பகுப்பாய்வை விட்டுவிட்டு, எளிய மக்களின் பண்பாட்டையும் பக்தியையும் பிடித்துக்கொண்ட கிளை. 1984-இல் ரோமின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுதலை இறையியலில் கண்ட குறை, மார்க்சியப் பகுப்பாய்வை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது என்பதுதான். இந்தப் பின்னணி தெரியாமல் பிரான்சிசின் வாயில் மார்க்சை வைத்துப் பேசுவது எளிதாகிவிடுகிறது.

படி 4: துன்பத்தை எப்படி விவரிக்கிறார்கள்

இங்கேதான் இருவரும் மிக நெருங்கி வருகிறார்கள். "இப்படிப்பட்ட பொருளாதாரம் கொல்கிறது" என்கிறது 'நற்செய்தியின் மகிழ்ச்சி' 53-ஆம் பத்தி. வீடற்ற முதியவர் குளிரில் விறைத்துச் செத்தால் செய்தி இல்லை, பங்குச்சந்தை இரண்டு புள்ளி சரிந்தால் செய்தி, இது எப்படி என்று அந்தப் பத்தி கேட்கிறது. மேலே இருப்பவர்களின் வளம் தானாகக் கீழே வழிந்து வரும் என்ற கோட்பாட்டை உண்மைகள் ஒருபோதும் உறுதிப்படுத்தியதில்லை என்கிறது 54. சந்தையின் கண்ணுக்குத் தெரியாத கரத்தை இனியும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்கிறது 204. மான்செஸ்டர் ஆலைகளைப் பற்றிய அறிக்கைகளைப் படித்து எழுதிய மார்க்ஸ் இவற்றில் எதற்கும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் 53-ஆம் பத்தியை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். இன்றைய பிரச்சினை சுரண்டலோடு நிற்கவில்லை, மனிதர்கள் சமூகத்துக்கு வெளியே தூக்கி எறியப்படுகிறார்கள் என்கிறார் பிரான்சிஸ். அவர்கள் சுரண்டப்படுபவர்கள்கூட இல்லை, மிச்சமாகக் கழிக்கப்பட்டவர்கள் என்கிறார். மார்க்ஸ் இங்கே கையைத் தூக்கி நிறுத்துவார். வேலையில்லாமல் வெளியே நிற்பவர்கள் மூலதனத்துக்கு வேண்டாதவர்கள் இல்லை. அவர்கள்தான் அதன் சேமப்படை. அவர்கள் வாசலில் காத்திருப்பதால்தான் உள்ளே இருப்பவரின் கூலி ஏறுவதில்லை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பழைய வேலை பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிரான்சிசின் கண்ணால் பார்த்தால் இது கழித்துக் கட்டுதல். சாந்தா குரூசில் அவர் உரிமைகள் என்று சொன்ன நிலம், கூரை, வேலை மூன்றில், கூரையைக் கொடுத்து வேலையைப் பறித்த கதை. மார்க்சின் கண்ணால் பார்த்தால், பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி வளாகங்களுக்குத் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் குறைந்த சம்பளத்தில் அருகிலேயே கிடைப்பதற்கும் இந்த இடமாற்றத்துக்கும் தொடர்பு உண்டு. இரண்டு பார்வையும் தனித்தனியே ஒன்றைக் காட்டுகின்றன. தனிப்பட்ட முறையில், இந்த இடத்தில் மார்க்ஸ் கூடுதலாக ஒன்றைப் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன்.

படி 5: காரணம் எது

ஒப்பீட்டின் இதயம் இதுதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றதைச் சுருக்கிக்கொண்டு இங்கே தங்குங்கள்.

பிரான்சிசுக்குக் காரணம் சிலைவழிபாடு. பொற்கன்றை வணங்கிய பழைய பாவம் பண வழிபாடாகத் திரும்பி வந்திருக்கிறது என்கிறது 55-ஆம் பத்தி. மனிதருக்குத் தர வேண்டிய முதலிடத்தை மறுத்ததே நெருக்கடியின் வேர். நான்காம் நூற்றாண்டு ஆயர் புனித பேசிலின் வழியில், கட்டற்ற பணத்தாசையை 'பிசாசின் சாணம்' என்று சாந்தா குரூசில் சாடினார்.

மார்க்சுக்குக் காரணம் எந்த மனிதரின் பேராசையும் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அம்பத்தூரில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள், இயந்திரத் தேய்மானம் எல்லாம் கழித்து ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் புதிதாகச் சேர்க்கும் மதிப்பு 1,600 ரூபாய். கூலி 800 ரூபாய். அதாவது நான்கு மணி நேரத்திலேயே கூலிக்கு ஈடான மதிப்பு வந்துவிட்டது. மீதி நான்கு மணி நேர உழைப்பு உரிமையாளரிடம் தங்குகிறது. இதுதான் உபரி மதிப்பு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கூலி சந்தை விலைப்படி சரியாகவே கொடுக்கப்பட்டது. உரிமையாளர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் நல்லவர் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் மட்டும் உபரியைக் கைவிட்டால் பக்கத்துப் பட்டறை அவரைச் சந்தையிலிருந்து தள்ளிவிடும். 'மூலதனம்' முன்னுரையில் மார்க்ஸ், தனி முதலாளியை இந்த உறவுகளுக்குப் பொறுப்பாளியாக்கவில்லை, பொருளாதார வகைகளின் உருவங்களாகவே மனிதர்களைக் கையாள்கிறேன் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இருவருமே பணத்தைப் பொய்த் தெய்வம் என்கிறார்கள். பிரான்சிசின் சிலையை வணங்குவதை மனிதர் நிறுத்தலாம். மனம் திரும்பலாம், சட்டம் போடலாம். முதல் அத்தியாயத்தின் கடைசியில் மார்க்ஸ் விவரிக்கும் சரக்கு வழிபாடு அப்படிக் கலையாது. மனிதர்களுக்கிடையே உள்ள உறவு பொருட்களுக்கிடையே உள்ள உறவாகத் தோன்றுவது உற்பத்தி முறையிலிருந்தே பிறக்கிறது. உண்மை தெரிந்தவருக்கும் அந்தத் தோற்றம் நீங்குவதில்லை. உற்பத்தி முறை மாற வேண்டும்.

இதை வைத்து, பிரான்சிஸ் வெறும் நீதிபோதனை செய்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். ஏற்றத்தாழ்வின் கட்டமைப்புக் காரணங்களைத் தாக்க வேண்டும், சந்தையின் முழுத் தன்னாட்சியைக் கைவிட வேண்டும் என்று 202-ஆம் பத்தி தெளிவாகச் சொல்கிறது. பாவம் அமைப்புகளாக இறுகிவிடும் என்பது இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் எழுதியது. ஆக இருவருக்கும் அமைப்பு உண்டு. அந்த அமைப்பு, மனிதத் தேர்வுகள் சேர்ந்து இறுகியதா, அல்லது தேர்வுகளையே ஆளும் விதியா என்பதில்தான் பிரிகிறார்கள். தொழில்முனைவு ஓர் உன்னத அழைப்பு என்று 'லவ்தாத்தோ சி' 129 சொல்ல முடிவது இதனால்தான். மார்க்சிடம் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை.

படி 6: சொத்து

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். தனிச்சொத்து முழுமையானது, தொடக் கூடாதது என்று கிறிஸ்தவ மரபு ஒருபோதும் ஏற்றதில்லை என்கிறது 'ஃபிரத்தெல்லி தூத்தி' 120. உலகின் பொருட்கள் எல்லோருக்கும் உரியவை. சொத்துரிமை அதற்கு அடுத்தபடி. ஆனால் சொத்துரிமை இருக்கிறது. மார்க்ஸ் ஒழிக்கச் சொன்னது அடுத்தவர் உழைப்பை ஆளும் உற்பத்திச் சாதனங்களின் தனியுடைமையை. உங்கள் வீட்டுக் கட்டிலை யாரும் கேட்கவில்லை. பைபிளின் திருத்தூதர் பணிகள் 4:35-இல் அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தார்கள் என்று வருவதையும், 1875-இல் மார்க்ஸ் எழுதிய "ஒவ்வொருவரிடமிருந்தும் திறனுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் தேவைக்கேற்ப" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எல்லோருக்கும் பிடிக்கும். வையுங்கள். ஆனால் 'அறிக்கை' மூன்றாம் பகுதியில் கிறிஸ்தவ சோசலிசத்தை, பிரபுக்களின் மனக்குமைச்சலுக்குப் பாதிரியார் தெளிக்கும் புனித நீர் என்று அதே மார்க்ஸ் சொன்னதையும் சேர்த்தே வையுங்கள்.

படி 7: மாற்றுவது யார்

மோதலைவிட ஒன்றிப்பு மேலானது என்பது பிரான்சிஸ் திரும்பத் திரும்பச் சொன்ன கொள்கை. மோதலைக் கண்டும் காணாமல் போவதை அவர் ஏற்கவில்லை. 'நற்செய்தியின் மகிழ்ச்சி' 227-ஆம் பத்தி, மோதலை நேருக்கு நேர் எதிர்கொண்டு அதைப் புதியதொரு செயல்பாட்டின் கண்ணியாக்கச் சொல்கிறது. மார்க்சுக்கு வர்க்கப் போராட்டம் யாரும் பரிந்துரைப்பது அல்ல. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் வெல்வது என்பதே கேள்வி.

சென்னைக்காரர்கள் இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதை நடத்தியவர்களில் பி.பி. வாடியா பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர், திரு.வி.க. சைவர், மார்க்சையும் சமயத்தையும் சேர்த்தே நேசித்தவர். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சமய உணர்வும் வர்க்க உணர்வும் ஒரே சங்கத்தில் வேலை செய்த வரலாறு நம் கையில் இருக்கிறது.

படி 8: சாதியைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் எழுதும் ஒப்பீட்டில் இது இல்லாவிட்டால் நான் அதை முழுமையாக ஏற்க மாட்டேன். மார்க்ஸ் 1853-இல், ரயில்வேயும் நவீனத் தொழிலும் சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். ரயில் வந்தது, சாதி அதில் ஏறி உட்கார்ந்தது. திருச்சபையிலோ, 2003 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடம், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று நேரடியாகவே சொல்ல வேண்டியிருந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் பட்டியல் சாதிக்குள் இல்லை. 'ஏழை' என்ற பிரான்சிசின் சொல்லுக்குள்ளும் 'பாட்டாளி' என்ற மார்க்சின் சொல்லுக்குள்ளும் இவர்கள் முழுதாக அடங்கவில்லை. இதை எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

படி 9: ஒரு நிகழ்வில் வைத்துச் சோதியுங்கள்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு அது வழிவிட்டது. விருப்பம் உள்ள தொழிலாளருக்கு மட்டும், வாரத்தின் மொத்த நேரம் மாறாது என்று அரசு விளக்கம் சொன்னது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்கு அன்று சரியாக நூறாண்டு.

இப்போது 'விருப்பம்' என்பதை இருவரிடமும் கேளுங்கள். பிரான்சிசின் மரபு 1891-லேயே பதில் வைத்திருக்கிறது. தேவையாலோ, இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தாலோ தொழிலாளி கடுமையான நிபந்தனைக்கு இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார் என்கிறார் லியோ. பிரான்சிஸ் 2021 அக்டோபரில் மக்கள் இயக்கங்களிடம் வேலை நாளைக் குறைப்பது பற்றியும் அடிப்படை வருமானம் பற்றியும் பேசினார். மார்க்ஸ், வேலைநாள் அத்தியாயத்தில், வாங்குபவரின் உரிமையும் விற்பவரின் உரிமையும் சமமாக நின்று மோதும்போது பலமே தீர்மானிக்கிறது என்கிறார். அந்த 'விருப்பம்' சுதந்திரமானது என்பதை இரண்டு பேருமே நம்பவில்லை. ஒருவர் அதை நீதியிடம் கொண்டுபோகிறார், மற்றவர் சங்கத்தின் பலத்திடம். மசோதா திரும்பியது எதனால் என்று உங்கள் குழுவில் விவாதியுங்கள். பலத்தால்தான் என்பது என் கணிப்பு. ஆனால் அநீதி என்ற உணர்வு தொழிலாளிக்கு வெளியிலும் பரவியிருக்காவிட்டால் அந்தப் பலம் அத்தனை சீக்கிரம் சேர்ந்திருக்காது.

படி 10: அடுத்த பயிற்சி

2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறைகள் திறந்தது. இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் செலவழிக்க வேண்டிய ஓய்வை ஊர் வரிப்பணம் ஏன் தாங்குகிறது? வெயிலில் நிற்பவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது சிறிய விஷயமா? அந்த ஊழியர் தொழிலாளியா, ஆப் சொல்வதுபோல் 'பார்ட்னரா'? படி 1-இல் எழுதிய கேள்விகளை வைத்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி வாருங்கள். கோயில் பக்கம் நிற்பவர் மார்க்சின் வாதத்தை எழுதட்டும், சங்கத்தின் பக்கம் நிற்பவர் பிரான்சிசின் வாதத்தை எழுதட்டும். வாசித்து முடித்ததும், எழுதியதில் தன் வாதம் சரியாக வந்திருக்கிறதா என்று எதிர்த்தரப்புக்காரரே சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளும்வரை திருத்துங்கள்.